தனியாளும் திருக்கூட்டமும்: திருநெல்வேலித் திருச்சபை வரலாறு காட்டும் உண்மை

மக்களையும் சமுதாயங்களையும் வலிமையுறச் செய்வது எது? தனி மனிதனின் உரிமையும் முயற்சியுமா, அன்றி அவனைத் தாங்கி நிற்கும் கூட்டத்தின் கட்டுக்கோப்பா? இவ்வினா அரசியல் அறிஞர்க்கும் சமூகவியலார்க்கும் மட்டும் உரியதன்று. திருச்சபையும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். அதே வேளையில் அவர் ஓர் உடலின் உறுப்பாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்றும் அறிவிக்கிறோம். இவ்விரண்டையும் ஒருங்கே கூறும் நாம், நடைமுறையில் இவற்றைத் தனித்தனியே பிரித்துவிடுகிறோம். பிரசங்க பீடத்தில் தனி மனிதனின் மனமாற்றத்தை வற்புறுத்துகிறோம். சபைத் தேர்தல் வரும்போதோ, மக்களைக் கூட்டங்கூட்டமாக எண்ணத் தலைப்படுகிறோம்.

திருமறை இவ்விரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள இடங்கொடுக்கவில்லை. ஆகானின் குற்றத்திற்காக இஸ்ரவேலர் அனைவரும் துன்புற்றதை யோசுவா 7 ஆம் அதிகாரம் கூறுகிறது. தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை, அவனவன் செயலுக்கு அவனவனே பொறுப்பாளி என்று எசேக்கியேல் 18 ஆம் அதிகாரம் முழங்குகிறது. எபிரெயரிடையே ஒருவன் பலராகவும் பலர் ஒருவராகவும் எண்ணப்பட்டனர் என்னும் கருத்தை எச். வீலர் ராபின்சன் 1930களில் விளக்கினார். அக்கருத்து அளவுக்கு மீறி விரிக்கப்பட்டதென்று பின்வந்த அறிஞர் திருத்தம் கூறியதும் நாம் அறிந்ததே. புதிய ஏற்பாட்டிலும் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் தத்தம் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகின்றனர். எத்தியோப்பிய மந்திரியோ தனி ஒருவராய் வழியருகே அதனைப் பெறுகிறார்.

ஆகவே, இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதே நம் வினா. இதற்கு விடை காண நம்மிடையே வளமான வரலாறு ஒன்று உண்டு. அது 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறாகும். அதன் சில கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. கோட்டையில் ஒரு சிறு சபை

திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கம் ஒரு தனிப் பெண்மணியின் பெயரோடு இணைந்தது. குளோரிந்தா என்னும் ஞானஸ்நானப் பெயர் பெற்ற அவர் மராத்தியப் பிராமணக் குலத்தில் பிறந்த கைம்பெண். ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர்களிடையே முறையான திருமணம் நிகழாமையால், அவர் முதலில் ஞானஸ்நானம் வேண்டியபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அப்படைத்தலைவர் மறைந்த பின், 1778 ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். 1780 ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் காணப்படுகின்றன. குளோரிந்தாவின் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785 இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. அச்சபையைப் பேணிய சத்தியநாதன் 1790 இல் குருப்பட்டம் பெற்றார்.

இச்சிறு சபை பல சாதியினரையும் கொண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. படைவீடு இருந்த ஊரில், பிறந்த மண்ணையும் சுற்றத்தையும் விட்டு வந்தோர் பலர் வாழ்ந்தனர். குலத்தின் பிடி அவர்கள்மேல் தளர்ந்திருந்தது. எனவே தனியாளாய் முடிவெடுப்பது அவர்களுக்கு இயன்றது. குளோரிந்தாவோ குலத்தை ஏற்கெனவே இழந்தவர். இழப்பதற்கு வேறொன்றும் இல்லாத நிலையில் அவர் காட்டிய துணிவே ஒரு சபைக்கு வித்தாயிற்று. தனியாளின் துணிவு இல்லாமல் எந்தத் திருச்சபையும் தொடங்குவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

எனினும், அத்துணிவு கோட்டைக்கு வெளியே தானாகப் பரவிவிடவில்லை. சுற்றியிருந்த சிற்றூர்களில் மனிதன் தனியாளாய் வாழவில்லை. உறவாகவும் ஊராகவும் வாழ்ந்தான். அவனைக் கிட்டுவதற்கு வேறு வழி வேண்டியிருந்தது.

2. உறவின் வழி வந்தோர்

அவ்வழியைத் திறந்தவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த இவர், தஞ்சையில் கிறிஸ்தவராகிப் பயிற்சி பெற்று, உபதேசியாராகத் தம் சொந்த மக்களிடம் திரும்பி வந்தார். செம்மணல் தேரியில் பனையேறி வாழ்ந்த அம்மக்களிடம் அவர் அந்நியராகச் செல்லவில்லை; உறவினராகச் சென்றார். 1797 முதல் அவருடைய சுற்றத்தார் குடும்பங்குடும்பமாக ஞானஸ்நானம் பெறலாயினர். எதிர்ப்பு எழுந்தது. குடியிருப்பை இழந்தோர்க்குப் புகலிடமாக 1799 இல் நிலம் வாங்கி ஓர் ஊர் அமைக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கென எழுந்த முதல் ஊராதலின் அது முதலூர் எனப் பெயர் பெற்றது.

இதன் பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. 1802-03 ஆம் ஆண்டுகளில், சில திங்களுக்குள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜெரிக்கே ஐயராலும் சத்தியநாதனாலும் ஞானஸ்நானம் பெற்றனர். தரங்கம்பாடியில் 1706 இல் தொடங்கிய அருட்பணி, இத்தகைய விரைவை அதுவரை கண்டதில்லை. ஆனால் பெருக்கத்தோடு துன்பமும் வந்தது. ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டனர். 1803 இல் ஜெரிக்கே மறைந்தார். பேணுவார் குறைந்தனர். 1811 இல் கொடிய காய்ச்சல் மாவட்டத்தையே அலைக்கழித்தது. அச்சத்தால் முன்னோர் வழிபாட்டிற்கு மீண்டவர் பலர்.

1816 இல் படைக்குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப், சிதறிக் கிடந்த இக்கிறிஸ்தவர்களைத் தேடிச் சென்றார். முதலூரும் நாசரேத்தும் கிறிஸ்தவ ஊர்களாகவே நிலைத்திருக்கக் கண்டு வியந்தார். ஆண்டுக்கணக்கில் குருவானவரின் கண்காணிப்பின்றி அவை எங்ஙனம் நிலைத்தன?

உறவின் வழியாக வந்தவர், அவ்வுறவு திரும்பியபோது அதன் வழியே திரும்பிச் சென்றனர். உறவு ஒருவனைக் கொண்டுவர வல்லது. ஆனால் நிலைநிறுத்துவதற்கு உறவு மட்டும் போதாது. முதலூரில் உறவோடு வேறு சிலவும் சேர்ந்திருந்தன. குடியிருக்கும் மண் பிறனுடையதன்று. ஊர் நடுவே கூடி வழிபட ஓர் இடம் இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, அங்கே வாழ்ந்தோர் ஒரு முறை இழந்தும் விட்டுக்கொடாதவர்கள். ஒவ்வொருவரும் விலை கொடுத்து வந்து சேர்ந்த கூட்டம் அது. எண்ணிக்கையால் திரண்ட கூட்டத்திற்கும் விலை கொடுத்துக் கூடிய கூட்டத்திற்கும் உள்ள வேறுபாடு, காய்ச்சல் வந்த ஆண்டில் வெளிப்பட்டது.

3. தர்ம சங்கமும் வாசிக்கக் கற்ற மக்களும்

ஹஃபின் வேண்டுகோளுக்கிணங்கச் சர்ச் மிஷனெரி சங்கம் 1820 இல் இரேனியஸ் ஐயரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. செருமானியரான அவர் தமிழ் இலக்கணம் இயற்றியவர். புதிய ஏற்பாட்டை எளிய தமிழில் பெயர்த்தவர். எனினும், நம் பொருளைப் பொறுத்தவரை அவருடைய தலைசிறந்த பணி 1830 இல் அமைந்த தர்ம சங்கமே எனலாம்.

அதன் தேவையை உணர அக்காலச் சிற்றூர் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவேண்டும். ஏழைக் குடியானவனின் குடிசை நிலக்கிழாரின் மண்ணில் இருந்தது. கோவில் கொடைக்கு வரி கொடுக்க மறுத்தால் குடிசை போய்விடும். நீர் எடுக்கும் கிணறு, வாங்கும் கடன், மகளுக்குப் பார்க்கும் வரன் ஆகிய யாவும் ஊராரின் கையில் இருந்தன. இந்நிலையில், மனச்சான்றின் உரிமையைத் தனி மனிதனுக்கு எடுத்துரைப்பது எளிது; அதனை அவன் கைக்கொள்வதோ அரிது. நிற்க ஓரடி மண் இல்லாதவனிடம் உறுதியாய் நில் என்பதில் பொருளில்லை.

தர்ம சங்கம் கொடை திரட்டி நிலம் வாங்கிற்று. இடருற்ற கிறிஸ்தவர்களை அந்நிலத்தில் குடியமர்த்திற்று. இவ்வாறு புதிய பெயர்களோடு புதிய ஊர்கள் எழுந்தன. செருமானியப் பிரபு டோனா என்பவர் கொடுத்த பொருளால் வாங்கிய இடம் டோனாவூர் ஆயிற்று. கைம்பெண்களுக்கென நிதி ஒன்றும் ஏற்பட்டது. நெடுவிளை என்னும் வறண்ட மணற்பாங்கில் எழுந்த மெஞ்ஞானபுரம், ஜான் தாமஸ் ஐயர் 1870 இல் மறையும்வரை முப்பதாண்டுகளுக்கு மேல் செய்த பணியால் சோலையாக மாறிற்று. 192 அடி உயர்ந்து நிற்கும் அதன் ஆலயக் கோபுரம் இன்றும் அப்பணிக்குச் சான்று பகர்கின்றது. இரேனியஸ் காலத்தில், 1835 அளவில், அவருடைய கண்காணிப்பில் போதனை பெற்று வந்தோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டிருந்தனர்.

இதனை வெறும் குடியேற்றப் பணி என்று கருதுவது தவறாகும். வந்தோர் அனைவருக்கும் உடனே ஞானஸ்நானம் கொடுக்கப்படவில்லை. போதனை பெறுவோரின் தொகை ஞானஸ்நானம் பெற்றோரின் தொகையைக் காட்டிலும் மிகுந்திருந்தது. கூட்டமாக வந்தவர்கள் ஒவ்வொருவராக ஆராயப்பட்டனர். ஊர்தோறும் ஜெபவீடு அமைந்தது. அதனருகே பள்ளிக்கூடமும் அமைந்தது. உபதேசியார் பல ஊர்களில் ஆசிரியராகவும் இருந்தார். பகல் முழுதும் பனையேறிய தகப்பன் மாலை ஜெபத்தில் அமர்ந்திருக்க, அவன் பிள்ளை வேதபாடத்தை எழுத்துக் கூட்டி வாசித்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வாயால் கேட்டே வாழ்ந்தவர்கள் தாமே வாசிக்கலாயினர். தானே வாசிப்பவன் தானே கேள்வி கேட்பான். ஒரு நாள் உபதேசியாரையும் கேட்பான். சிறுமியரும் எழுத்தறிந்தபோது, குடும்பத்தின் குரலாகத் தகப்பனின் குரல் மட்டும் ஒலித்த நிலை மாறத் தொடங்கிற்று.

இங்கேதான் நம் வினாவின் மையத்தை அடைகிறோம். தனியாளையும் கூட்டத்தையும் துலாக்கோலின் இரு தட்டுகளாகக் கருதி, ஒன்று உயர மற்றொன்று தாழும் என்று பலரும் எண்ணுகின்றனர். திருநெல்வேலி வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஊர் கொடுத்த மண்ணும், சபை நடத்திய பள்ளியும், சங்கம் திரட்டிய நிதியும் சேர்ந்தே, தானே நின்று தானே சிந்திக்கும் மனிதனை உருவாக்கின. அக்கூட்டம் இல்லையெனில் அத்தனியாள் தோன்றியிருக்கமாட்டான்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைச் சென்னையில் காண்கிறோம். ஸ்காத்து மறைப்பணியாளர் ஜான் ஆண்டர்சன் 1837 முதல் அங்கே நடத்திய பள்ளியில், இராஜகோபால், வேங்கடராமையா, எத்திராஜுலு என்னும் மூன்று உயர்குல இளைஞர் 1841 இல் ஞானஸ்நானம் பெற்றனர். ஆராய்ந்து, உணர்ந்து, தனித்தனியே முடிவெடுத்தவர்கள் அவர்கள். ஆனால் வீடு அவர்களுக்கு அடைக்கப்பட்டது. மறைப்பணியாளரின் இல்லமே தஞ்சமாயிற்று. அச்சத்தால் பெற்றோர் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள, பள்ளி வெறுமையாயிற்று. அம்மூவரும் பின்னர் சிறந்த நற்செய்தியாளராயினர். எனினும், அவர்களுடைய சுற்றத்தார் அவர்களைப் பின்பற்றி வரவில்லை. மதம் மாறியவனின் சொத்துரிமையைக் காக்கும் சட்டம் 1850 இல், அவ்வாண்டின் 21 ஆம் சட்டமாக நிறைவேறிற்று. அது தந்தையின் சொத்தில் மகனுக்குரிய பங்கைக் காத்தது. தந்தையின் வீட்டில் அவனுக்கிருந்த இடத்தை மீட்டுத் தர அதனால் இயலவில்லை.

4. கூட்டத்தின் நிழல்

எனினும், கூட்டத்தின் புகழை மட்டும் பாடி முடிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கூட்டமாக வந்தவர்கள் தங்கள் கூட்டத்தையும் கொண்டே வந்தனர். உறவின் வழி பரவிய நற்செய்தி, உறவின் எல்லையில் நின்றும்விட்டது. பல ஊர்கள் ஒரே சாதியாரின் ஊர்களாயின. தஞ்சை, சென்னைச் சபைகளில் ஆலயத்தில் தனித்தனி இருக்கையும், நற்கருணையில் முன்பின் என்ற வரிசையும் வழக்கமாயிருந்தன. சாதிவேற்றுமை திருச்சபைக்குள் அறவே ஒழியவேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் 1833 இல் ஆணையிட்டபோது, எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் அவ்வெதிர்ப்பின் பக்கம் நின்றார். சாதியை விட்டமைக்கு உடனுண்ணலே சான்றாகவேண்டும் என்று சென்னை மறைப்பணியாளர் மாநாடு 1850 இல் வற்புறுத்திற்று. கட்டளைகள் பிறந்தன; வழக்கம் முற்றிலும் மாறவில்லை.

கூட்டத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. அது இழிவுக்கு எதிராக எழும் தன்மதிப்பு. 1849 இல் இராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார் பற்றி எழுதிய சிறுநூல், அச்சமுதாயத்தைத் தாழ்வாகச் சித்திரித்தது. இடையன்குடியில் அம்மக்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர் என்பதை மறுக்கவியலாது. எனினும், அவர் எழுத்து அவர்களைப் புண்படுத்திற்று. அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, அயல்நாட்டு மறைப்பணியாளரின் தலைமையை மறுத்து, 1857 இல் தனிச்சபை ஒன்றை நிறுவினார். அயல்நாட்டு உதவி வேண்டாம் என்றும், சனிக்கிழமையே ஓய்வுநாள் என்றும், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் கொள்ளத்தக்கவை என்றும் அச்சபை கொண்டது. அதன் கோட்பாடுகளை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், நம்மைக் குறித்து நாமே பேசுவோம் என்று ஒரு மக்கள்கூட்டம் எழுந்து கூறியதை மறுத்தற்கில்லை. அக்குரலை எழுப்பத் தேவையான கல்வியை அவர்களுக்குத் தந்தவை, அவர்கள் எதிர்த்த அதே மறைப்பணியாளர் நடத்திய பள்ளிகளே.

இதே ஆண்டுகளில், திருநெல்வேலிக்குத் தென்மேற்கே, எல்லைக்கப்பால் தென் திருவிதாங்கூரில், இலண்டன் மிஷன் சபைகளைச் சார்ந்த நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் துன்புற்றனர். 1820களில் தொடங்கிய அப்போராட்டம் 1858-59 இல் கலகமாக மூண்டது. 1859 இல் வெளியான அரசறிக்கை, உயர்குலப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற தடையோடு, மார்பை மறைக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தது. ஒரு பெண் மட்டும் கேட்டிருந்தால் அவ்வுரிமை கிடைத்திராது. சமுதாயம் ஒன்றாய் நின்றமையாலேயே அது கிடைத்தது. ஆயினும், மேலாடையோடு வெளியே செல்லத் துணிந்தவள் ஒவ்வொரு தனிப்பெண்ணே. அவள் உடையே கிழிக்கப்பட்டது. அவளே அவமானத்தைச் சுமந்தாள். கூட்டத்தின் வெற்றி, இத்தகைய பெயரறியாத் தனியாட்களின் துணிவால் ஆனது.

கூட்டத்திற்கு எதிராகத் தனியொருவர் நிற்பதன் கடுமையை இரேனியஸ் வாழ்க்கையே காட்டுகின்றது. உபதேசிமார்க்கு ஆங்கிலிக்கன் முறைக்குப் புறம்பாகக் குருப்பட்டம் அளிக்க விரும்பியதும், இங்கிலாந்துத் திருச்சபையின் முறைமைகளைக் குறைகூறி எழுதியதும் காரணமாக, 1835 இல் சங்கம் அவரை விலக்கிற்று. அவர் வெளியேறினார்; உபதேசிமார் பலர் அழைக்கவே திரும்பி வந்தார்; சபைகள் இரண்டாயின. 1838 இல் அவர் மறைந்த பின்னரே பிளவு படிப்படியாக ஆறிற்று. அவர் மனச்சான்று அவரை அவ்வழியில் நடத்திற்று. ஆனால் சிற்றூர்ச் சபைகள் அதற்குக் கொடுத்த விலையையும் வரலாற்றாசிரியன் மறத்தற்கில்லை. எதிர்க்குரலை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியறியாத கூட்டம், தன் பலத்தில் ஒரு பகுதியையும் அதனோடு வெளியேற்றிவிடுகிறது.

5. தலைமேல் வைத்த கை

1876-78 ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது மீண்டும் மக்கள் திரள்திரளாகத் திருச்சபையை நாடினர். சோற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்ந்தவர் உண்டு. இத்தகைய வினாவை இந்தியா முழுமைக்கும் எடுத்துக்கொண்டு, கள ஆய்வு செய்து, வாஸ்கம் பிக்கெட் 1933 இல் தம் நூலை வெளியிட்டார். வந்தபோது இருந்த நோக்கத்தைக் காட்டிலும், வந்த பின் கிடைத்த போதனையும் மேய்ப்புமே மக்களின் ஆவிக்குரிய வளர்ச்சியை மிகுதியும் நிர்ணயித்தன என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. முதலூரும் 1811 ஆம் ஆண்டும் நமக்குக் கற்பித்தது இதுவே அன்றோ!

அவருக்குப் பின் டொனால்ட் மக்கவரன் 1955 இல் வெளியிட்ட நூலில், மக்கள் தத்தம் இனத்தோடு வருவதே திருச்சபை வளரும் வழி என்று வாதிட்டார். தனியாட்களை இனத்தினின்று பறித்து மிஷன் வளாகத்தில் வைக்கும் முறையை அவர் கண்டித்தது சரியே. சென்னையில் நாம் கண்டதும் அதுவே. ஆனால், ஒரே இனத்தாராய்க் கூடும் சபை விரைவில் வளரும் என்ற கொள்கை, பிரிவினையை இயல்பாக்கிவிடும் என்ற கவலை பலருக்கு எழுந்தது. 1977 இல் பாசடீனாவில் கூடிய கலந்தாய்வு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. சாதியின் நாட்டில் வாழும் நமக்கு அக்கவலை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று.

இச்சிக்கலினின்று மீளும் வழியைத் திருநெல்வேலித் திருச்சபையே ஓரளவு காட்டிற்று. 1903 பிப்ரவரி 12 ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியரின் ஆட்களாலும், இந்தியரின் பொருளாலும், இந்தியரின் நிர்வாகத்தாலும் நற்செய்திப் பணி நடைபெறவேண்டும் என்பது அதன் கொள்கை. நிலம் வாங்க அயல்நாட்டாரின் கையை எதிர்நோக்கியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள், தாங்கள் அறியாத மொழி பேசும் மக்களுக்காகக் காணிக்கை எடுக்கத் தொடங்கினர். அவர்கள் தேர்ந்துகொண்ட இடம் நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதி. உறவின் எல்லையில் நின்றுவிட்ட கூட்டம் அவ்வெல்லையைத் தாண்டிற்று.

அச்சங்கத்தின் தோற்றுநருள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1909 இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சென்று, 1912 டிசம்பர் 29 ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட இரு சமுதாயத்தாரும் பெருந்திரளாக அவரது பேராயத்தில் சேர்ந்தனர். அவ்விரு சாராரும் ஒருவரோடொருவர் உண்ணாதவர்கள். அவர்களை ஒரே பந்தியில் சேர்ப்பது அவர் வாழ்நாள் உழைப்பாயிற்று.

ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தபோது அசரியா கையாண்ட முறை ஒன்றுண்டு. புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிடில் எனக்கு ஐயோ என்று பொருள்படும் பவுலடியாரின் கூற்றை (1 கொரிந்தியர் 9:16) தாமே கூறவேண்டும். எழுத்தறியாத கூலித்தொழிலாளியும் அவன் மனைவியும், ஊராரோடு சேர்ந்து வந்திருந்தபோதிலும், அந்த ஒரு கணத்தில் தனித்தனியே நின்றனர். அதுவரை அவனுக்காக நிலக்கிழார் பேசினார், சாதித்தலைவர் பேசினார். இப்போது அவனே பேசினான். அதுவும், தனக்கு என்ன கிடைக்கும் என்பதையன்று, பிறர்க்குத் தான் பட்ட கடனைப் பேசினான். கூட்டத்தின் நடுவே பிறந்த தனியாள் அவன். பிறந்த கணமே தன் கூட்டத்திற்கு அப்பாலும் கடமைப்பட்டவன். திருமுறையில் பிரிந்து தோன்றிய இரண்டும், தலைமேல் வைத்த அக்கையில் ஒன்றாயின.

6. நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் முடிவைச் சுருங்கக் கூறலாம். ஒரு கூட்டத்தின் வலிமை, அது தன் உறுப்பினரைப் பொறுப்புள்ள தனியாட்களாக வளர்ப்பதில் இருக்கிறது. ஒரு தனியாளின் நம்பிக்கை நிலைப்பது, அது பிறரும் வாழ ஓர் இடத்தை உண்டாக்கும்போதே. குளோரிந்தாவின் துணிவு ஆலயமாகாதிருந்தால் அவரோடு மறைந்திருக்கும். முதலூரின் உறவு, ஆளுக்கு ஆள் கொடுத்த விலையால் உறுதிப்படாதிருந்தால் காய்ச்சலோடு கலைந்திருக்கும்.

இன்று இவ்விரண்டிலும் நாம் தவறும் ஆபத்தில் இருக்கிறோம். ஒருபுறம், நகரத்து விசுவாசி ஞாயிறுதோறும் தனக்குப் பிடித்த செய்தியைத் தேடி ஒரு கூடுகையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறான். வாரநாளில் கைபேசியில் கேட்கிறான். அவன் நோயுற்றால் வந்து பார்ப்பார் யார்? இறந்தால் அடக்கம்பண்ணக் கல்லறைத் தோட்டம் எங்கே என்ற கேள்வி எழும்போதுதான், தனக்குச் சபை இல்லை என்பதை அவன் குடும்பம் உணர்கின்றது. மறுபுறம், சபை உண்டு. கல்லறைத் தோட்டமும் உண்டு. ஆனால் அத்தோட்டத்திலேயே சாதிக்கொரு பகுதி ஒதுக்கிய ஊர்களும் உண்டு. சபைத் தேர்தல்கள் குல அணிகளின் போட்டியாகி, வழக்குமன்றம் வரை செல்வதைக் கண்டு வருந்தாதவர் நம்மில் யார்? ஐயாயிரம் பேர் திரண்ட 1803 ஐப் போலவே நம் எண்ணிக்கையும் பெரிது. வரும் காய்ச்சலில் நிலைப்போமா என்பதே கேள்வி.

இறையியல் மாணவர்கள் நாளை ஏற்கவிருக்கும் சேகரங்களில் இதற்கான பணி மிக எளிய இடங்களில் தொடங்குகிறது. திடப்படுத்தல் வகுப்பில் வினாவிடையை மனப்பாடம் செய்யும் பிள்ளை, தன் சொந்தச் சொல்லிலும் விசுவாசத்தைக் கூறக் கற்கிறதா? சேகர மன்றத்தில் பெரும்பான்மைக்கு மாறாக ஒருவர் எழுந்து பேசினால், கூட்டம் முடிந்த பின்னும் அவர் நம் சகோதரராகவே இருக்கிறாரா? புதிதாய்க் கிறிஸ்துவண்டை வந்தவருக்கு, தெருவிலும் திருமணப் பேச்சிலும் துணை நிற்க நம்மிடம் ஒரு தர்ம சங்கம் உண்டா? நம் ஊர்களின் அசனத்தில் ஒரே பந்தியில் ஒரே சோற்றை உண்கிறோம். அப்பந்தியில் நம் சாதியல்லாதார் எத்தனை பேர் அமர்கின்றனர்?

இவ்வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பு முதற்கண் மேய்ப்பரைச் சாரும். மந்தையைப் பெயர்பெயராய் அறிவதும், அம்மந்தையைச் சேராத ஆடுகளையும் நினைப்பதும் நல்ல மேய்ப்பரின் இயல்பென யோவான் 10 ஆம் அதிகாரம் காட்டுகின்றது. ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்யும் மேய்ப்பனின் மந்தை வலிமை பெறாது. தேரி மணலில் வீடிழந்து வந்தோர் கட்டிய முதலூர் இந்த உண்மைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சான்றாக நிற்கின்றது.